ரயிலே இல்லாத செஞ்சிக்காரர்களும், ஊரே போகாத ஷண்டிங் இன்ஜினும்!

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வர்றேன் என்று வெளியூரிலிருந்து யாராவது போன் செய்தால், முதலில் கேட்பது, ‘‘எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?’’ என்பதுதான். ‘செஞ்சியில ஸ்டேஷனே கிடையாதுங்க’ என்றால் நம்ப மாட்டார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை செஞ்சி. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் சுமார் 28 கி.மீ தள்ளி திண்டிவனம் போக வேண்டும். இல்லையென்றால் சுமார் 40 கி.மீ பஸ்ஸில் விழுப்புரம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு சுமார் 70 கி.மீ புதுப்பாதை போடுவதற்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. அந்த அனுமதி வந்த ஆண்டு பிறந்த குழந்தை இன்று காலேஜ் படிக்கிறது. ரயில்தான் இன்னும் வரவில்லை.

அதனால் செஞ்சிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸை நம்ப முடியாது என்று ஒரு மணி நேரம் முன்பே கிளம்பி, விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். நீங்களும் அப்படிக் காத்திருந்தவர்தான் என்றால், இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தூரத்து லைனில் ஒரு இன்ஜின் நாலு காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும். கொஞ்ச தூரம் போய் நிற்கும். திரும்பிப் பின்னாடியே வரும். பெட்டிகளை விட்டுவிட்டுத் தனியாகப் போகும். மறுபடி வரும். கையில் கொடியோடு ஒருவர் பக்கத்திலேயே நடந்துகொண்டிருப்பார். ‘என்னப்பா இது, வேலையத்து முன்னாடியும் பின்னாடியும் போயிட்டிருக்கு’ என்று தோன்றியிருக்கும்.

அதற்குப் பெயர்தான் ஷண்டிங். அது நடக்காவிட்டால் நீங்கள் காத்திருக்கும் ரயில் பிளாட்பாரத்துக்கு வந்திருக்கவே முடியாது.

பஸ் திரும்பும், ரயில் திரும்பாது

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கிளம்ப வேண்டுமென்றால், டிரைவர் ரிவர்ஸ் எடுப்பார், ஸ்டீயரிங்கை ஒடிப்பார், போய்க்கொண்டே இருப்பார். ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது. தண்டவாளம் எங்கே கூட்டிப்போகிறதோ அங்கேதான் போகும். ஒரு லைனில் நிற்கும் பெட்டி பக்கத்து லைனுக்கு வர வேண்டும் என்றால், இரண்டும் சேரும் இடம் வரை முன்னால் இழுத்துப் போய், அங்கே பாயின்ட்டை மாற்றி, பிறகு பின்னால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பத்தடி பக்கவாட்டில் நகர்வதற்கு அரை கிலோமீட்டர் போய் வர வேண்டியிருக்கும்.

சென்னை சென்ட்ரலில் இது இன்னும் நன்றாகப் புரியும். அங்கே தண்டவாளம் பிளாட்பாரத்தின் தலைமாட்டோடு முடிந்துவிடுகிறது. ரயில் உள்ளே வந்து நின்றதும், அதை இழுத்து வந்த இன்ஜினுக்கு முன்னால் தடுப்பு, பின்னால் இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகள். வெளியே வர வழியே இல்லை. மறுமுனையில் இன்னொரு இன்ஜின் வந்து பெட்டிகளை பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு இழுத்துப் போனால்தான் அதற்கு விடுதலை. யார்டில் பெட்டிகளைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ‘பிட் லைன்’ என்கிற பள்ளத்தின் மேல் நிறுத்தி அடிப்பாகத்தைச் சோதிப்பார்கள். மறுபடியும் ஒரு இன்ஜின் அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்து பிளாட்பாரத்தில் விடும். எழும்பூர் ரயில்களுக்கு இதே வேலை கோபாலசாமி நகர் யார்டில் நடக்கிறது. சீட்டைத் துடைத்து உட்காரும்போது நாம் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

குழந்தைகளுக்குத் தெரிந்த கார்ட்டூன் தாமஸ்கூட ஆரம்பத்தில் இந்த வேலையைத்தான் பார்த்தான். 1946-ல் வந்த முதல் கதைகளில் அவன் ஒரு பெரிய ஸ்டேஷனில் மற்ற இன்ஜின்களுக்காகப் பெட்டிகளை எடுத்துவந்து கொடுக்கும் குட்டி இன்ஜின்.

ஐந்து திசை ஊர்

விழுப்புரத்துக்கு இந்த வேலை கொஞ்சம் அதிகமாகவே உண்டு. காரணம் அதன் இருப்பிடம். சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என ஐந்து பக்கமும் பாதைகள் பிரிகின்றன. புதுச்சேரி கிளை 1879-லேயே வந்துவிட்டது. அன்றைக்கு அது பிரெஞ்சு எல்லைக்குள் போகும் ரயில்!

மீட்டர்கேஜ் காலத்தில் இந்த ஜங்ஷனின் முக்கியத்துவமே வேறு. 1960-களின் நடுவில் ஜப்பானிலிருந்து மீட்டர்கேஜ் மின்சார இன்ஜின்கள் வந்தன. சென்னையிலிருந்து வந்த மின்கம்பி விழுப்புரத்தோடு முடிந்தது. அதற்குத் தெற்கே நீராவி இன்ஜின், பிறகு டீசல் இன்ஜின். ஆகவே எழும்பூரிலிருந்து தென்மாவட்டங்களுக்குப் போன ரயில்கள் விழுப்புரத்தில் நின்று இன்ஜினை மாற்றிக்கொண்டுதான் போயாக வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘விழுப்புரத்துல அரை மணி நேரம் நிப்பான்’ என்பார்கள். அந்த நிறுத்தத்தில் அவர்களுக்குக் கிடைத்தது காபி. யார்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, ரயிலுக்கு ரயில் ஒரு இன்ஜினைக் கழற்றி இன்னொன்றை மாட்டும் வேலை.

இப்போது ஐந்து பாதையும் அகலப்பாதை, மின்பாதை. இன்ஜின் வகை மாற்ற வேண்டிய தேவை கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆனால், ஒரு பக்கமிருந்து வந்த ரயில் அதே பக்கம் பிரியும் வேறு கிளைக்குப் போக வேண்டும் என்றால், இன்றைக்கும் இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டித்தான் ஆக வேண்டும். நம் ஜன்னலோர சீட் திடீரென்று எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிக்குமே, அதுதான்.

ஆனையும் குதிரையும் இழுத்த காலம்

செஞ்சிக் கோட்டைக்குள் ஆனைக்குளம் பார்த்திருப்பீர்கள். கனமான எதையும் நகர்த்த ஆனைதான் என்றிருந்த காலம் அது. ரயில் வந்த பிறகும் அந்தப் பழக்கம் உடனே போய்விடவில்லை. இந்திய ரயில் யார்டுகளில் ஆனை நெற்றியால் வேகனை முட்டித் தள்ளும் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. மாடு பூட்டி வேகன் இழுத்ததும் உண்டு. ஒன்றிரண்டு வேகன்களை நகர்த்த ஒரு நீராவி இன்ஜினைக் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பது நிலக்கரிக்குக் கேடு. ஆனைக்குக் கரும்பு போதும்.

நம்ம ஊர்லதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ரயிலைக் கண்டுபிடித்த இங்கிலாந்திலேயே ஷண்டிங் குதிரைகள் இருந்தன. கடைசிக் குதிரையின் பெயர் சார்லி. நியூமார்க்கெட் என்ற ஊரில் வேகன் இழுத்துவிட்டு, 1967-ல் ஓய்வுபெற்றது. அதே 1960-களின் பிற்பகுதியில்தான் நம் நாட்டில் சித்தரஞ்சன் தொழிற்சாலை டீசல் ஷண்டிங் இன்ஜின் தயாரிக்க ஆரம்பித்தது.

குட்டி என்றால் நோஞ்சான் இல்லை

இன்ஜின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆங்கில எழுத்துகளை எப்படிப் படிப்பது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் எழுத்து பாதையின் அகலம். டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர்கேஜ். இரண்டாவது எரிபொருள். டி என்றால் டீசல், ஏ என்றால் மின்சாரம். மூன்றாவது வேலை. பி என்றால் பயணிகள் ரயில், ஜி என்றால் சரக்கு, எம் என்றால் இரண்டும், எஸ் என்றால் ஷண்டிங். ஆக, டபிள்யூ.டி.எஸ்-4 என்பது அகலப்பாதையில் ஓடும் டீசல் ஷண்டிங் இன்ஜின்.

சித்தரஞ்சனில் தயாரான அந்த டபிள்யூ.டி.எஸ்-4 உண்மையிலேயே குட்டி. ஆறே சக்கரம், சுமார் 60 டன், சுமார் 700 குதிரைத்திறன். நீராவி இன்ஜினில் பார்ப்பது போலவே சக்கரங்களை இரும்புத் தண்டுகள் கோத்திருக்கும். இதில் பயன்பட்ட ‘சூரி டிரான்ஸ்மிஷன்’ எம்.எம்.சூரி என்ற இந்தியப் பொறியாளர் உருவாக்கியது. இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துவதில் எண்ணெய் வழியும் கியர் வழியும் சேர்ந்த முறை அது.

அதன் பெரியண்ணன், வாரணாசி டீசல் தொழிற்சாலையில் தயாரான டபிள்யூ.டி.எஸ்-6. இங்கேதான் ஒரு வேடிக்கை. இதன் எடை 126 டன். இன்று எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி-7 மின்சார இன்ஜினின் எடை 123 டன். கிட்டத்தட்ட ஒரே எடை. ஆனால், எக்ஸ்பிரஸ் இன்ஜினுக்கு 6,000-க்கு மேல் குதிரைத்திறன். ஷண்டிங் இன்ஜினுக்கு வெறும் 1,400. நாலில் ஒரு பங்கு கூட இல்லை!

அப்புறம் எப்படி இத்தனை பெட்டிகளை இழுக்கிறது? டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர் பூட்டி முதல் கியரில் போகும் டிராக்டரைவிட ஒரு கார் இன்ஜினுக்குக் குதிரைத்திறன் அதிகமாகவே இருக்கலாம். ஆனால், காரில் ஏர் பூட்ட முடியுமா? குதிரைத்திறன் என்பது இழுவை, வேகம் இரண்டும் சேர்ந்த கணக்கு. வேகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் குறைந்த சக்தியிலேயே பயங்கரமான இழுவை கிடைக்கும். அந்த இழுவையைத் தண்டவாளத்தில் இறக்க, சக்கரம் வழுக்காமல் இருக்க, எடை வேண்டும். அதனால்தான் ஷண்டிங் இன்ஜின் கனமாக, மெதுவாக, கொஞ்சம் முரடாக இருக்கிறது. டிரைவர் அறைக்கு இருபுறமும் முகப்பைத் தாழ்வாக, ஒடுக்கமாக வைத்திருப்பதும் அழகுக்காக இல்லை. கீழே நிற்கும் ஆளின் கை தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

சில இன்ஜின்கள் இந்த வேலைக்கென்றே பிறக்கவில்லை, வந்து சேர்ந்தவை. 1980-களின் கடைசியில் டபிள்யூ.டி.எம்-7 என்று மொத்தமே 15 இன்ஜின்கள் தயாராயின. கிளைப்பாதைகளில் சிறிய ரயில்களை இழுப்பதற்காக. காலப்போக்கில் அவை தண்டையார்பேட்டை ஷெட்டுக்கு வந்து, சென்னையில் பெட்டி தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் எக்ஸ்பிரஸ் இழுத்த பழைய ஆல்கோ வகை டீசல் இன்ஜின்களும் வயதானபின் இப்படித்தான் யார்டுக்கு வருகின்றன. ‘தடதட’வென்று ஒரு தாளத்தோடு, தலையில் கரும்புகையோடு யார்டில் நிற்பது பெரும்பாலும் அவைதான். ரிட்டயர் ஆனபின் பேரப்பிள்ளைகளை ஸ்கூலில் கொண்டுபோய் விடும் தாத்தா மாதிரி.

அந்தப் புகைக்கு ஒரு விலையும் உண்டு. யார்டில் இன்ஜின் ஓடும் நேரத்தைவிட, ஆஃப் செய்யாமல் சும்மா நிற்கும் நேரம் அதிகம். அப்படி நிற்கும்போது ஒரு பெரிய டீசல் இன்ஜின் மணிக்கு சுமார் 25 லிட்டர் குடிக்கிறது. அதனால் 2014 வாக்கில், பெரிய இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்குக்கான காற்றையும் பேட்டரியையும் மட்டும் கவனித்துக்கொள்ளும் சிறிய துணை இன்ஜினைப் பொருத்த ஆரம்பித்தார்கள். அதற்கு மணிக்கு 3 லிட்டர் போதும்.

நடுவில் நிற்கும் மனிதர்

இன்ஜினைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால், ஷண்டிங்கில் நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது கொடியோடு நடக்கும் அந்த ஆளைத்தான். பாயின்ட்ஸ்மேன் என்பார்கள்.

பழைய வகைப் பெட்டிகளில், அதாவது நம் பெரம்பூர் ஐ.சி.எஃப் 1955 முதல் 2018 ஜனவரி வரை தயாரித்த வகையில், இரண்டு பெட்டிகளை இணைப்பது ஒரு ‘ஸ்க்ரூ கப்ளிங்’. ஒரு பெட்டியில் கொக்கி, இன்னொன்றில் இரும்பு வளையம், நடுவில் திருகுத் தண்டு. இருபுறமும் வட்டமான பஃபர்கள். இன்ஜின் வந்து பெட்டியைத் தொட்டதும், பாயின்ட்ஸ்மேன் குனிந்து பஃபருக்கு அடியில் நுழைந்து உள்ளே போகிறார். அந்தக் கனமான வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிறார். திருகை முறுக்கி இறுக்குகிறார். பிறகு பிரேக்குக்கான காற்றுக் குழாய்களைக் கோத்து, வால்வுகளைத் திறக்கிறார். வெளியே வருகிறார். இதைச் செய்யும் நேரம் முழுக்க அவருக்கு ஒருபுறம் நூறு டன் இன்ஜின், மறுபுறம் பல நூறு டன் பெட்டிகள்.

டிரைவருக்கு அவர் தெரிய மாட்டார். அவருக்கும் டிரைவர் தெரிய மாட்டார். இருவருக்கும் நடுவில் இருப்பது ஒப்பந்தம் மாதிரி ஒரு சைகை மொழி. பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால், ‘என்னை விட்டு விலகிப் போ’. உடம்புக்குக் குறுக்கே பக்கவாட்டில் அசைத்தால், ‘என்னை நோக்கி வா’. தலைக்கு மேலே தூக்கி மணிக்கட்டை மட்டும் திருப்பித் திருப்பி அசைத்தால், ‘மாட்டப் போகிறோம், மெல்ல மெல்ல வா’. சிவப்பு காட்டினால் நில். ராத்திரியில் கொடிக்குப் பதில் விளக்கு. வண்டிகள் முழுமையாக நின்ற பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். ஆள் வெளியே வந்து சைகை காட்டிய பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். வேகமும் அதிகபட்சம் மணிக்கு 15 கி.மீ. வெடிபொருள் மாதிரி ஆபத்தான சரக்கு இருந்தால் 8 கி.மீ. சைக்கிளே முந்திவிடும்.

தரைக்கு அருகே குட்டையாக இருக்கும் ஷண்ட் சிக்னல்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு வெள்ளை விளக்குகள் படுக்கைவாட்டில் எரிந்தால் நிற்க வேண்டும். சாய்வாக எரிந்தால் மெதுவாகப் போகலாம். பெரிய சிக்னலின் சிவப்பு, பச்சையோடு ஒரு எக்ஸ்பிரஸ் டிரைவர் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதில் நிறமே இல்லை.

இத்தனை விதிகளும் ஏன் என்பதற்கு 2024 நவம்பர் 9-ம் தேதி பீகாரின் பரௌனி ஜங்ஷனில் நடந்தது ஒன்று போதும். லக்னோவிலிருந்து வந்து நின்ற எக்ஸ்பிரஸிலிருந்து இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்த ஊழியர், இன்ஜின் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் நகர்ந்ததில், இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் நசுங்கி அங்கேயே இறந்துபோனார். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் எடுத்த படங்கள் நாடு முழுக்கப் பரவின. ஷண்டிங் என்ற சொல்லே அன்றைக்குத்தான் பலர் காதில் விழுந்திருக்கும். அந்த இன்ஜின் வேகமாக வரவில்லை. சில அங்குலம் போதுமானதாக இருந்தது.

‘இப்பதான் புது எல்.எச்.பி பெட்டி வந்துடுச்சே, அதுல தானா மாட்டிக்குமே’ என்று கேட்கலாம். உண்மைதான். அந்தப் பெட்டிகளில் நடுவில் ஒரே ஒரு கனமான கப்ளர் இருக்கும். இரண்டு கை விரல்களைக் கோத்தாற்போல முட்டியதும் தானே பூட்டிக்கொள்ளும். பஃபரும் இல்லை, வளையம் தூக்கும் வேலையும் இல்லை. ஆனால், காற்றுக் குழாய்களைக் கோக்க இன்றைக்கும் கைதான் வேண்டும். கை போகும் இடத்துக்கு ஆளும் போகத்தான் வேண்டும். என்னைக் கேட்டால், வந்தே பாரத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை, ஆள் நடுவில் போகாமலே குழாயும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் கப்ளரை எல்லாப் பெட்டிக்கும் கொண்டுவருவதில் காட்டலாம்.

மேல்மலையனூர் தேரும் முட்டுக்கட்டையும்

தள்ளுவது பாதி வேலை, நிறுத்துவது மீதி. இதை செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாசியில் மேல்மலையனூர் அங்காளம்மன் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், தேர் இழுப்பவர்களைவிட சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவருக்குத்தான் நெஞ்சுத் தைரியம் வேண்டும்.

யார்டிலும் அதே முட்டுக்கட்டைதான். மரத்தால் ஆன ஆப்பு. நிறுத்திவிட்ட பெட்டியின் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள், கை பிரேக்கைத் திருகுவார்கள், சங்கிலியால் தண்டவாளத்தோடு பூட்டுவார்கள். இவ்வளவு எதற்கு, தரை சமமாகத்தானே இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். இல்லை. தண்ணீர் வடியவாவது கொஞ்சம் சரிவு இருக்கும். ஸ்டேஷன் யார்டில் 400 அடிக்கு ஒரு அடிக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது என்பது விதி. 1,200 அடிக்கு ஒரு அடி என்றால் உத்தமம். கண்ணுக்கே தெரியாத சரிவு. ஆனால், இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், உருளைத் தாங்கிகள். காற்றடித்தாலே உருளத் தயாராக இருக்கும் வண்டி அது.

2024 பிப்ரவரி 25-ம் தேதி ஜம்முவின் கத்துவா ஸ்டேஷனில் ஜல்லி ஏற்றி நின்ற 53 வேகன் சரக்கு ரயில் ஒன்று, டிரைவர் இறங்கிய நேரத்தில் தானாகச் சரிவில் நகர ஆரம்பித்தது. டிரைவரே இல்லாமல் 70 கி.மீ-க்கு மேல் ஓடி, பஞ்சாபில் உச்சி பஸ்ஸி என்ற இடத்தில்தான் நிறுத்த முடிந்தது. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது ஷண்டிங் இல்லைதான். ஆனால், ஒரு யார்டு ஊழியர் தினமும் ஆப்பை வைத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எதற்காக என்று இது சொல்லும்.

செஞ்சி வயலுக்கு வரும் யூரியா

‘எங்க ஊருக்கு ரயிலே வரல, எங்களுக்கும் இதுக்கும் என்ன’ என்று செஞ்சி விவசாயி ஒருவர் கேட்டால், அவருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் நெல் மூட்டைகளின் பின்னால் உரம் இருக்கிறது. மாவட்டத்துக்கு வரும் அந்த உர மூட்டைகளில் பெரும்பகுதி ரயிலில்தான் வருகிறது. விழுப்புரத்துக்கு அடுத்த முண்டியம்பாக்கம் ஸ்டேஷனில் சரக்கு ரயில் நின்று, லாரிகள் வரிசைகட்டி, மூட்டை இறங்குவதைச் சென்னை ரயிலில் போகும்போதே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

அந்த நீளமான மூடிய வேகன்களைச் சரியாக இறக்கும் மேடைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்துவதும், மேடை போதாவிட்டால் பாதியாகப் பிரித்து இரண்டு லைனில் போடுவதும், காலியானதும் மறுபடி கோத்து அனுப்புவதும் ஷண்டிங் வேலை. இதற்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் இறக்கி முடிக்காவிட்டால் ‘டெமரேஜ்’ என்று தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலும் காசு.

டேங்கர் வேகன்களின் பக்கவாட்டில் ‘லூஸ் ஷண்டிங் செய்யக் கூடாது’ என்று ஆங்கிலத்தில், இந்தியில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். லூஸ் ஷண்டிங் என்பது வேகனை இன்ஜினோடு மாட்டாமல் ஒரு தள்ளு தள்ளிவிட்டு, அது தானே உருண்டுபோய் நிற்க விடுவது. அரிசி மூட்டை என்றால் ஒரு ‘டம்’மோடு போச்சு. பெட்ரோல் என்றால்?

முன்பு இப்படி உருட்டிவிடும் வேலை பெரிய அளவில் நடந்தது. ஊருக்கு இரண்டு வேகன், கடைக்கு ஒரு வேகன் என்று சரக்கு வந்த காலம். அவற்றையெல்லாம் திசைவாரியாகப் பிரித்துக் கோக்கப் பிரமாண்டமான யார்டுகள் இருந்தன. சில இடங்களில் செயற்கை மேடு கட்டி, மேலேயிருந்து ஒவ்வொரு வேகனாக உருட்டிவிடுவார்கள். 1980-களிலிருந்து ரயில்வே முழு ரயிலாக மட்டும் சரக்கு ஏற்றும் முறைக்கு மாற மாற, அந்த யார்டுகளுக்கு வேலை போயிற்று. வேகமும் லாபமும் கூடின. ஒற்றை வேகன் சரக்கு வைத்திருந்த சிறு வியாபாரி லாரிக்குப் போனார். திண்டிவனம் ரோட்டில் இன்று ஓடும் லாரிகளில் எத்தனை அப்படி வந்தவையோ!

வேலை குறைகிறதா?

குறைகிறது. மெமு, வந்தே பாரத் இரண்டிலும் இருமுனையிலும் டிரைவர் அறை உண்டு. டிரைவர் ஒரு முனையிலிருந்து இறங்கி மறுமுனைக்கு நடந்துபோய் உட்கார்ந்தால் ரயில் திரும்பியாயிற்று. இன்ஜின் கழற்றல் இல்லை, மாட்டல் இல்லை, நடுவில் யாரும் நுழைய வேண்டியதும் இல்லை. விழுப்புரத்திலிருந்து ஓடும் மெமு ரயில்களில் இதை நீங்களே பார்க்கலாம். 2020-ல் ஜபல்பூரில் ‘நவ்தூத்’ என்ற பெயரில் ஒரு ஷண்டிங் இன்ஜினைத் தயாரித்தார்கள். கம்பி இருக்கும் இடத்தில் மின்சாரத்திலும், இல்லாத இடத்தில் பேட்டரியிலும் ஓடும். புகை இல்லை, சும்மா நிற்கும்போது டீசல் செலவும் இல்லை.

ஆனாலும் யார்டு இருக்கும்வரை யாராவது தள்ளித்தான் ஆக வேண்டும். ரயில்வேயில் உதவி லோகோ பைலட்டாகச் சேர்பவர் அடுத்து ஏறும் படி, ‘லோகோ பைலட், ஷண்டிங்’. அதன்பிறகுதான் சரக்கு ரயில், பிறகு பயணிகள் ரயில், அதற்கும் பிறகுதான் எக்ஸ்பிரஸ். 130 கி.மீ வேகத்தில் ஓட்டப்போகிறவர் முதலில் 15 கி.மீ வேகத்தில், கொடியைப் பார்த்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தப் பழக வேண்டும். இதை அப்படியே வைத்திருப்பது நல்லது என்றுதான் தோன்றுகிறது.

நீங்கள் ரயிலில் இருந்தால்...

கடைசியாகச் சில விஷயங்கள். ஜங்ஷனில் ரயில் நின்று, இன்ஜின் மாற்றுகிறார்கள் என்று தெரிந்தால், புது இன்ஜின் வந்து மாட்டும்போது ஒரு குலுக்கல் இருக்கும். அந்த நேரத்தில் வாசலில் சாய்ந்து நிற்காதீர்கள். கையில் சூடான டீயோடு குழந்தையைத் தாண்டி நகராதீர்கள். மேல் பெர்த்தில் ஏறிக்கொண்டிருக்கும் பாட்டியை, ‘கொஞ்சம் இரு ஆயா’ என்று நிறுத்திவிடுங்கள். இன்ஜின் இல்லாமல் நிற்கும் ரயில்தானே என்று அதன் அடியிலோ, பெட்டிகளுக்கு நடுவிலோ புகுந்து அடுத்த பிளாட்பாரத்துக்குப் போகவே போகாதீர்கள். மறுமுனையில் இன்ஜின் எப்போது வந்து முட்டும் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நடுவில் இருப்பது அதன் டிரைவருக்கும் தெரியாது.

குழந்தைகளைக் கூட்டிப்போனால் பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, கொடியைக் காட்டுங்கள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று அவர்களே சொல்லட்டும். இன்ஜின் எந்தப் பக்கம் நகரும் என்று ஒன்றிரண்டு முறையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய இன்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்றால் பெரம்பூர் ஐ.சி.எஃப் அருகே சென்னை ரயில் அருங்காட்சியகமும், திருச்சியில் 2014-ல் திறந்த ரயில் அருங்காட்சியகமும் இருக்கின்றன. செஞ்சியிலிருந்து இரண்டுக்குமே முதலில் விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும்.